மூளியைக் கண்டு சொன்னவன்

தோணி இப்போது வராது, செட்டியாரே. அக்கரையில் பத்து ஆள் சேர்ந்தால்தான் அவன் கோலைத் தொடுவான். உட்காருங்கள். மூட்டையை மணலில் வைக்காதீர்கள், ஈரம் ஏறும். துணிதானே? கோட்டைக்குப் போகிறீர்கள். இந்தத் துறையில் வடக்கே போகிறவர்கள் எல்லோரும் கோட்டைக்குத்தான் போகிறார்கள்.

நான் தெற்கே போகிறேன். தரங்கம்பாடியில் தங்கை இருக்கிறாள். காலையில் முதல் தோணியில் இக்கரைக்கு வந்தேன். ஆமாம், விடியும்போதே. வெயில் தாழட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வெயில் இன்னும் ஏறவே இல்லை என்கிறீர்கள். அதுவும் சரிதான்.

அதோ, கடலில் ஒரு பாய் தெரிகிறதா? உங்களுக்குத் தெரியாது. இரண்டு பாய்மரம் உள்ள கப்பல். பின்பாயில் ஒட்டுப் போட்டிருக்கிறது. மூக்கு தாழ்ந்து போகிறது, முன்பக்கம் பாரம் அதிகம். அரிசியாக இருக்கும். என் கண் இன்னும் அப்படியே இருக்கிறது. இந்தக் கண்ணை நம்பித்தான் என்னைக் கொடிமரத்தில் ஏற்றினார்கள். கோட்டைக் கொடிமரத்தில் பதினோரு வருஷம் நின்றேன். மாசிலாமணி என்று கேட்டால் அங்கே யாருக்கும் தெரியாது. கொடிமரத்தான் என்று கேளுங்கள், காறித் துப்பிவிட்டு வீட்டைக் காட்டுவார்கள். இல்லை, இப்போது துப்புவதில்லை. பன்னிரண்டு நாளாக யாரும் துப்புவதில்லை.

முற்றுகை போட்ட வருஷம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? காஞ்சிபுரம். அப்படியென்றால் உங்களுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். தோணி வருகிறவரைக்கும் சொல்கிறேன்.

கோட்டை அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. ஆடியில் இங்கிலீசுக்காரர்கள் வந்தார்கள். தரையில் மூன்று பக்கமும் குழி வெட்டிப் பீரங்கி வைத்தார்கள். நாலாவது பக்கம் கடல். அங்கே நாலு கப்பலை நங்கூரம் பாய்ச்சி நிறுத்தினார்கள். ஆவணி முடிவதற்குள் கோட்டைக்குள் அரிசி தீர்ந்துவிட்டது. மாடு தீர்ந்தது, குதிரை தீர்ந்தது. புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி ஊறவைத்துத் தின்றோம். தெற்கே நடுக்கடலில் இருக்கிற மசுக்கரைத் தீவிலிருந்து பிரெஞ்சுக் கப்பல்கள் அரிசி ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டன என்று சொன்னார்கள். ஐப்பசி பிறந்தால் புயலுக்குப் பயந்து எந்தக் கப்பலும் இந்தக் கரையில் நிற்காது. அதற்குள் அவர்கள் வர வேண்டும். வருகிறார்களா என்று பார்ப்பது என் வேலை.

கோட்டைக்குள் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். மரத்திலிருந்து இறங்கினால் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். "என்ன கொடிமரத்தாரே, தெரியுதா?" நான் இல்லை என்று தலையை ஆட்டினால் போய்விடுவார்கள். ஒரு நாள் குளிக்கப் போகிறேன், அங்கேயும் வந்து நிற்கிறார்கள்.

என் மருமகன் அஞ்சாப்புலிதான் கேலி பேசுவான். "மாமா, அடிவானத்துல போற கப்பல் உங்க கண்ணுக்குத் தெரியும். காலடியில கெடக்குற நண்டு தெரியாது." ஒரு தடவை உண்மையாகவே நண்டை மிதித்துவிட்டேன். அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தான். நல்ல பிள்ளை. சலங்குத் தண்டல் அவன், படகை நடத்துகிறவன். சலங்கு என்றால் எங்கள் அலைப்படகு. ஆணி அடிக்காமல் பலகையைக் கயிற்றால் தைத்திருப்போம். இந்தக் கரையில் எந்தக் கப்பலும் கிட்டே வராது, மூன்று வரிசை அலை அடிக்கும். கப்பல் வெளியே நிற்கும், சலங்கு போய்ச் சரக்கை எடுத்து வரும். கட்டுமரத்தில் கடிதம் போகும், மூட்டை போகாது. மூட்டைக்குச் சலங்கு வேண்டும். கோட்டைக்குள் ஏழு சலங்கு இருந்தது. ஏழுதான். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தோணிக்காரன் எழுந்துவிட்டானா? இல்லை, காலை நீட்டிக்கொள்கிறான்.

புரட்டாசி பதினெட்டு. விடியும்போது பார்க்கிறேன், கடலில் காவல் கப்பல் நாலும் இல்லை. தண்ணீர் பிடிக்கத் தெற்கே போயிருப்பார்கள் என்றார் கொடிமரத்துக்குப் பொறுப்பான துரை. வெள்ளி முளைத்தபோது இருந்த கப்பல்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் ஒரு நாழிகைக்குள் வடகிழக்கில் ஒரு பாய் தெரிந்தது. தனியாக ஒரு கப்பல். நான் துரையின் தூரக்கண்ணாடியைக் கேட்கவில்லை. கண்ணாடி கப்பலைப் பெரிதாகத்தான் காட்டும். அது யார் என்று காட்டாது.

எனக்கு அது யார் என்று தெரிந்துவிட்டது. மூளி.

கப்பலுக்கு அதன் சொந்தக்காரர்கள் ஏதோ பெயர் வைத்திருந்தார்கள், என் வாயில் அது நுழையவில்லை. நான் மூளி என்றுதான் சொல்வேன். பின்பக்கம் இரண்டு மரமாடம் இருக்க வேண்டும், காதில் தோடு மாதிரி. இடது பக்கத்து மாடத்தை எப்போதோ ஒரு சண்டையில் குண்டு கொண்டுபோய்விட்டது. அந்த இடத்தில் வண்ணம் பூசாத பலகையை அடித்திருந்தார்கள். முன்மரம் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும். ஐந்து பருவம் நம் கடலில் வந்து நின்ற பிரெஞ்சுக் கப்பல். அதை எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

துரை நீலக் கொடியை ஏற்றச் சொன்னார். அது ரகசியக் குறி. நாங்கள் நீலம் ஏற்றினால் நம் கப்பல் முன்மரத்தில் வெள்ளையும் மஞ்சளும் சேர்த்துக் கட்டிப் பதில் சொல்ல வேண்டும். ஏற்றினேன். மூளி பிரெஞ்சு ராஜாவின் கொடியை மட்டும் பறக்கவிட்டது. குறிக்குப் பதில் இல்லை. துரை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். துரைக்கு மொழி பெயர்த்துச் சொல்லும் துபாஷியிடம் சொன்னேன்: "கொடியை மாத்திக்கலாம், குறிய மறந்துபோகலாம். ஒடம்ப மாத்த முடியுமா? அது மூளின்னு சொல்லுங்க." துபாஷி சொன்னான். துரை என் தோளைத் தட்டினார்.

இப்போதும் சொல்கிறேன், அது மூளிதான். அதில் நான் தப்புச் செய்யவில்லை. கப்பல் அதே கப்பல்தான்.

சலங்குகளை இறக்கச் சொல்லித் துரை ஆள் அனுப்பினார். எங்கள் தெருவுக்குத் தலைவர் நாட்டார், அவர் இறக்கமாட்டேன் என்றார். "தொரை சொல்லி நாங்க அலையில எறங்குறதில்ல. எங்க ஆளு சொல்லணும்" என்று கொடிமரத்தடிக்கே வந்துவிட்டார். அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"நிச்சயமா, மாசிலா?"

"நிச்சயம்."

"அப்ப உன் வீட்டு ஆளு?"

எங்கள் தெருவில் ஒரு கட்டு உண்டு, செட்டியாரே. படகு போகலாம் என்று எவன் வாயால் சொல்கிறானோ, அவன் வீட்டு ஆள் முதல் படகில் இருக்க வேண்டும். சொல்லிவிட்டுக் கரையில் உட்கார்ந்திருக்கக் கூடாது. எனக்குப் பையன் கிடையாது. ஒரே பெண், அங்கம்மா. அவள் புருஷன் அஞ்சாப்புலி.

"அஞ்சாப்புலி போவான்" என்றேன்.

அவன் படகு நிழலில் உட்கார்ந்து புளியங்கொட்டையை மென்றுகொண்டிருந்தான். "நான் எப்படியும் தண்டல்தானே மாமா, முதல் படகுன்னா என்ன, கடைசிப் படகுன்னா என்ன" என்று எழுந்தான். அங்கம்மாவுக்கு அப்போது ஆறு மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. "அப்பா, நீ போயேன்" என்றாள்.

"நான் போனா கொடிய யாரு பாக்கிறது?"

அவள் திரும்பி நடந்தாள். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் என்னோடு பேசவில்லை.

நீங்களே சொல்லுங்கள். நான் இறங்கிப் போயிருந்தால் கொடியை யார் பார்ப்பது? சிவப்புக் கொடி மேலே இருக்கிறவரைக்கும் படகு போகலாம். கொடி இறங்கினால் திரும்ப வேண்டும். அந்தக் கயிறு ஒரு முக்கியமான கயிறு. துரை பார்ப்பார் என்று சொல்லலாம். அன்றைக்குத் துரையும் சொன்னார்தான், "உன் பெண் கேட்கிறாளே, வேண்டுமானால் போ, நான் கண்ணாடியோடு நிற்கிறேன்" என்று துபாஷி வழியாகச் சொன்னார். ஆனால் அவருக்கு அலை தெரியுமா? முட்டியும் எனக்கு அப்போதே வலி. அதை விடுங்கள்.

ஏழு சலங்கும் இறங்கின. ஒரு படகுக்குப் பத்துப் பேர். கோட்டைச் சுவர் முழுக்க ஜனம். கீழே பெண்கள் உலை வைத்துவிட்டார்கள். அரிசி இன்னும் கப்பலிலிருந்தே இறங்கவில்லை, இவர்கள் அடுப்பு மூட்டித் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டார்கள். தெருத்தெருவாகப் புகை எழுவதை மேலேயிருந்து பார்த்தேன். என் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். கொடிமரத்தான் என்று இல்லை, மாசிலாமணி என்று. என் பெயர் அத்தனை பேருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூளி கிட்டே வந்து நங்கூரம் பாய்ச்சியது. படகுகள் பக்கத்தில் வந்தன. பிரெஞ்சுக் கொடி அப்படியே பறந்தது. ஏழு படகும் கப்பலை ஒட்டி நின்ற பிறகு அந்தக் கொடி இறங்கியது, இங்கிலீசுக் கொடி ஏறியது. இரண்டு மாதத்துக்கு முன்னால் இலங்கைக்குத் தெற்கே மூளியை அவர்கள் பிடித்திருக்கிறார்கள். அது எங்களுக்கு எப்படித் தெரியும்? எழுபது பேரையும் ஏழு சலங்கையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு வெடி வெடிக்கவில்லை.

அதோடு முடியவில்லை. எட்டு நாள் கழித்து நிஜமான பிரெஞ்சுக் கப்பல்கள் வந்தன. ஆறு கப்பல். குறிக்குச் சரியாகப் பதில் சொன்னார்கள். ஒரு பகல் முழுக்க வெளியே நின்றார்கள். அரிசியைக் கரைக்குக் கொண்டுவர இங்கே ஒரு சலங்கு இல்லை. அவர்கள் தங்கள் சொந்தப் படகு ஒன்றை இறக்கிப் பார்த்தார்கள், இரண்டாவது அலையில் கவிழ்ந்தது. வானம் கறுத்தது, போய்விட்டார்கள். அதிலிருந்து பதினாலாம் நாள் பிரெஞ்சுக்காரர்கள் சரணடைந்து கோட்டைக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் என் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலீசுக்காரன் கொடிமரத்தையே வெட்டிவிட்டான். நான் வலை கட்டிப் பிழைத்தேன். எழுபது வீட்டில் எந்த வீட்டு வாசலிலும் நான் நிற்க முடியாது. அங்கம்மா இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறாள். பெண் பிறந்தது, எனக்குச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்குப் போன வைகாசியில் கல்யாணம். பந்தலுக்கு வெளியே கடைசியில் உட்கார்ந்து பார்த்தேன். அது என்னைப் பார்த்து, "யாரு அது?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டது.

நான் மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அது மூளிதான். யாரும் நம்பவில்லை. ஏதோ ஒரு கப்பலைப் பார்த்து உளறினான் என்றார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஏமாந்தேன் என்று சொல், ஒப்புக்கொள்கிறேன். கண் தெரியவில்லை என்று சொல்லாதே.

இருங்கள், தோணிக்காரன் என்னவோ கத்துகிறான். ஒன்றுமில்லை, நாயை விரட்டுகிறான்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் கச்சமுத்து திரும்பி வந்தான். அஞ்சாப்புலி படகில் துடுப்புப் போட்டவன். எழுபது பேரில் திரும்பி வந்தவன் அவன் ஒருவன்தான். வங்காளம், அப்புறம் பினாங்கு, அப்புறம் ஏதோ தீவு என்று அலைந்திருக்கிறான். பல் எல்லாம் போய்விட்டது. தெருவே கூடிவிட்டது. நான் வீட்டுக்குள் இருந்தேன். அவன் என்னைக் கூப்பிட்டனுப்பினான்.

போனேன். எல்லோர் முன்னாலும் சொன்னான்: "அது மூளிதான்யா. பின்னால மாடம் இல்லாத எடத்துல அடிச்ச பலகைய நானே கையால தொட்டேன். கொடிமரத்தார் சொன்னது நெசம்."

பதினெட்டு வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன், செட்டியாரே. அவன் சொன்னான். கேட்டேன். அங்கே ஒரு கோழி குறுக்கே போனது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் அதோடு நிறுத்தவில்லை. அஞ்சாப்புலி இரண்டாவது வருஷமே கப்பலில் காய்ச்சல் வந்து போய்விட்டான் என்றான். பிறகு அந்த நாளைப் பற்றிச் சொன்னான். "ரெண்டாவது அலையத் தாண்டி மூணாவதுக்கு முன்னால எங்களுக்குள்ள ஒரு சந்தேகம் வந்துச்சு. கப்பல்ல ஒரு சத்தமும் இல்ல. திரும்பிடலாம்னு நாலு பேரு சொன்னோம். அஞ்சாப்புலி எழுந்து நின்னு கரையப் பாத்தான். செவப்புக் கொடி மேலதான் இருக்கு, மாமா பாத்துக்கிட்டுதான் இருக்காரு, ஏதாச்சும்னா எறக்கிடுவாரு, வலிங்கடான்னான். நாங்க வலிச்சோம்."

இதை அவன் பெருமையாகத்தான் சொன்னான். மாமனார் மேல் மருமகனுக்கு எவ்வளவு நம்பிக்கை பாருங்கள் என்கிற மாதிரி. பெண்கள் அழுதார்கள். நாட்டார் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் அங்கம்மா என் வாசலில் வந்து நின்றாள். கிழவி மாதிரி ஆகிவிட்டாள், இத்தனை வருஷத்தில் நான் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. "அப்பா" என்றாள். "அவர நீ தள்ளி விட்டுட்டேன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். நீயும் கடைசி வரைக்கும் நம்பிக்கிட்டுதான இருந்த?"

"ஆமாம்மா" என்றேன்.

அன்றிலிருந்து அவள் வீட்டில்தான் சாப்பாடு. உச்சி வேளைக்குக் கூப்பிட ஆள் வரும். எனக்குப் பார்வை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு மீனில் முள் எடுத்துச் சோற்றில் வைக்கிறாள். மருமகன் எப்படிச் சிரிப்பான் என்று பேசுகிறாள். பேத்தி வந்து காலில் விழுந்தது. தெருவில் போனால் எழுந்து நிற்கிறார்கள். கச்சமுத்து தினமும் வந்து உட்கார்ந்துகொண்டு, மூளியின் முன்மரம் எவ்வளவு சாய்வு, நங்கூரம் எந்தப் பக்கம் என்று பேசுகிறான். எனக்கு அவனைப் பார்த்தாலே எழுந்து ஓடத் தோன்றுகிறது.

ஏன் என்று கேட்கவில்லையே நீங்கள்.

பாய் சுருட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பிரெஞ்சுக்காரன் ஒவ்வொருவனாக மேலே ஏறுவான், கத்துவான், ஒருவனை ஒருவன் திட்டுவான். ஒரு பாய் சுருண்ட பிறகுதான் அடுத்த பாய். ஐந்து பருவமும் மூளியில் அப்படித்தான். அன்றைக்கு மூளி நங்கூரம் பாய்ச்சியதும் மூன்று மரத்திலும் ஒரே சமயத்தில் ஆட்கள் ஏறினார்கள். சத்தமே இல்லை. மூன்று பாயும் ஒரே மூச்சில் சுருண்டது. அப்படிச் சுருட்டுகிறவன் இங்கிலீசுக்காரன். அது எனக்குத் தெரியும். அதைப் பார்க்கத்தானே என்னை மேலே நிறுத்தி வைத்திருந்தார்கள்.

அப்போது படகுகள் இரண்டாவது அலைக்கும் மூன்றாவது அலைக்கும் நடுவில் இருந்தன.

துரை கண்ணாடியைத் தாழ்த்திவிட்டு ஜனத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். கயிறு என் கையில் இருந்தது. ஒரு வெற்றிலை மடித்து வாயில் போடுகிற நேரம் இருந்தது. கூட இருக்கலாம். கயிறு நனைந்து இறுகியிருந்தது என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். மழையே இல்லை அன்றைக்கு. ஒரு படகில் ஒருவன் எழுந்து நின்று கரையைப் பார்க்கிறது தெரிந்தது. அது யார் என்றும் தெரிந்தது. இத்தனை தூரம் தெரிகிற கண்ணுக்கு அது தெரியாதா?

கொடியை இறக்கினால், கீழே அத்தனை உலை கொதிக்கிறது. இறக்கின பிறகு அது நம் கப்பலாகவே இருந்துவிட்டால்? அப்படித்தான் யோசித்தேன். இல்லை, அவ்வளவு தெளிவாக யோசிக்கவில்லை. அவர்கள் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது நின்றுவிடும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

பிறகு மூன்றாவது அலையைத் தாண்டிவிட்டார்கள்.

அதோ, கோலை எடுத்துவிட்டான். பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

செட்டியாரே, ஒரு உதவி. கோட்டைக்குத் தெற்கு வாசல் வழியாகத்தான் போவீர்கள். மீன்காரத் தெருவில் நாலாவது வீடு. அங்கம்மா என்று கேளுங்கள். உங்கள் அப்பா சாப்பிட வரமாட்டார், சோறு வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தரங்கம்பாடிக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று சொல்ல வேண்டாம், எனக்குத் தங்கை இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஏன் வரவில்லை என்று கேட்பாள். அப்போது நான் சொன்னதைச் சொல்லுங்கள். எல்லாம் வேண்டாம். கப்பலைப் பற்றி வேண்டாம். அந்த ஆள் எழுந்து நின்றதை உங்கள் அப்பா பார்த்தார் என்று மட்டும் சொல்லுங்கள். அவளுக்கு அது போதும்.

ஏன் தலையை ஆட்டுகிறீர்கள்? தெரியாத வீட்டு வாசலில் நின்று சொல்ல மாட்டீர்கள். சரி, உங்களுக்கு என்ன தலையெழுத்து. துணி விற்க வந்தவர். நான் உங்களிடம் சொல்லியிருக்கவே கூடாது. யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்ல வந்துவிட்டது.

நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்கிறீர்கள். சொல்லலாம். முதல் நாளே சொல்லியிருக்கலாம். அவள் கேட்டபோது வாயைத் திறந்தேன், "ஆமாம்மா" என்றுதான் வந்தது. நேற்றுக்கூடச் சொல்லத்தான் போனேன். உட்கார்ந்தேன், அவள் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

ஏறுங்கள், மூட்டையைக் கொடுங்கள், நான் பிடிக்கிறேன். பலகை வழுக்கும், பார்த்துக் காலை வையுங்கள். இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள், நானும் வருகிறேன்.

தோணிக்காரரே, உச்சிக்குள் அக்கரை சேர்ந்துவிடுமா? வேகமாகப் போங்கள். அவள் சோறு போட்டுவிட்டால் என்னால் சொல்ல முடியாது.